நல்ல தூக்கத்துக்கு வழி காலையிலிருந்து: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால் நாம் உடனே கேட்பது, “ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?” என்பதுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டியது வேறு: “காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க? தினமும் அதே நேரமா?” படுக்கும் நேரத்தை நாம் முடிவு செய்யலாம், தூக்கம் எப்போது வரும் என்பதை முடிவு செய்ய முடியாது. எழும் நேரம் மட்டும் நம் கையில் இருக்கிறது. அலாரம் வைத்தால் நடந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியும் காலையில் தொடங்கி இரவுக்குப் போகிறது. நம் பக்கத்துப் புழுக்கம், ஷிப்ட் வேலை, கடல் தொழில் இவற்றுக்கும் இடம் உண்டு.

உடம்புக்குள் நடப்பது

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும். சேரச் சேர அசதி கூடும். தூங்கும்போது அது குறையும். இதைத் தூக்கப்பசி என்று வைத்துக்கொள்ளலாம். ஆறு மணிக்கு வயிறு முட்ட பஜ்ஜி சாப்பிட்டவருக்கு எட்டு மணிக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் டிவி முன்னால் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தவருக்குப் பதினொரு மணிக்குத் தூக்கம் வராததும் அப்படித்தான்.

இன்னொன்று உடல் கடிகாரம். இரு கண்களின் நரம்புகளும் மூளைக்குள் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. எப்போது விழிப்பு, எப்போது தூக்கம் என்று உடம்புக்கு நேரம் சொல்வது அதுதான். அதன் சுற்று பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். தினமும் அதைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். வெளிச்சம் கிடைக்காவிட்டால் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குப் போகும். லீவு நாட்களில் ஒன்பது மணி வரை படுத்துக் கிடப்பவர்கள் ஞாயிறு இரவில் புரண்டுகொண்டிருப்பது இதனால்தான். இந்தக் கடிகாரத்தை உயிரணுக்களுக்குள் ஓட்டும் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

தூக்கம் இரவு முழுக்க ஒரே ஆழத்தில் இருப்பதும் இல்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் போகும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பின்னிரவில் கண்விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் அதிகம். இந்தக் கனவுத் தூக்கத்தை 1953இல் சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மேனும் அடையாளம் காட்டினார்கள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே லேசாக முழிப்பு வருவது எல்லோருக்கும் உண்டு. வயது ஏற ஏற அது கூடும். இரண்டு தடவை முழித்தேன், உடனே தூங்கிவிட்டேன் என்றால் அது நோய் இல்லை.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். 65 வயது தாண்டியவர்களுக்கு 7 முதல் 8. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12. பிளஸ் டூ பிள்ளையை பதினொன்றரை வரை படிக்க வைத்து நான்கு மணிக்கு எழுப்பும் வீடுகள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும். படித்தது மனதில் படிவதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது.

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

ஒரு பழைய நோட்டு போதும். தினமும் காலையில் ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தேன், தூங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், எத்தனை முறை முழித்தேன், எப்போது எழுந்தேன், நேற்று கடைசி காபி அல்லது டீ எப்போது, பகலில் தூங்கினேனா. நிமிடக் கணக்கு பார்க்க வேண்டாம். தோராயமாக இருந்தால் போதும். இரவில் கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்கவே கூடாது, பார்க்கும் பழக்கமே தூக்கத்தைக் கெடுக்கும்.

ஸ்மார்ட் வாட்ச் போட்டிருப்பவர்கள் அதில் வரும் ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ போன்ற கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பதை அது ஓரளவு சொல்லும். எந்தெந்த நிலையில் தூங்கினீர்கள் என்பதில் அடிக்கடி தவறும்.

வாரக் கடைசியில் ஒரு கணக்குப் போடுங்கள். படுக்கையில் இருந்தது எத்தனை மணி நேரம், அதில் தூங்கியது எத்தனை? ஒன்பது மணி நேரம் படுத்து ஆறு மணி நேரம் தூங்கினால் மூன்றில் இரண்டு பங்குதான் தூக்கம். இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

இரண்டாவது வாரம்: எழும் நேரத்தைக் கட்டுங்கள்

வேலைக்கும் வீட்டுக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை என்றால் ஞாயிறும் ஐந்தரை. தவறினால் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். இரவு எவ்வளவு மோசமாகத் தூங்கியிருந்தாலும் அதே நேரம். முதல் சில நாட்கள் கண் எரியும், பகலில் சொக்கும். அந்த அசதிதான் அடுத்த இரவுக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும்.

எழுந்ததும் வெளியே வாருங்கள். நாம் கிழக்குக் கரையில் இருக்கிறோம், இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். சூரிய உதயம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 5.40க்கும் 6.40க்கும் இடையில்தான். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை, புதுச்சேரி கடற்கரைச் சாலை, எதுவும் பக்கத்தில் இல்லையென்றால் மொட்டை மாடி, எங்கேயாவது இருபது முப்பது நிமிடம். கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை என்பதால் நிம்மதியாக நடக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்தால் போதாதா என்றால், போதாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் கணக்கிடுவார்கள். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். திறந்த வெளியில் காலை வெயில் பத்தாயிரம் லக்ஸைத் தாண்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில்கூட வெளியே சில ஆயிரம் கிடைக்கும்.

மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றை மட்டும் செய்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

பகல் பழக்கங்கள்

காபியில் உள்ள கஃபீன் அடினோசினை அதன் இடத்தில் உட்கார விடாமல் தடுக்கிறது. அசதி போவதில்லை, தெரியாமல் மட்டும் இருக்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் கூட. ஐந்து மணி டீ, பத்து மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். விருந்தாளி வந்தால் சுக்கு காபி போடுங்கள். பெயரில்தான் காபி, சுக்கும் மல்லியும் போட்டது தூக்கத்தை ஒன்றும் செய்யாது.

மதியம் கடை சாத்திவிட்டுச் சாப்பிட்டுப் படுக்கும் வழக்கம் புதுச்சேரியில் இன்னும் சில தெருக்களில் உண்டு. அது தப்பில்லை. மூன்று மணிக்குள், இருபது முப்பது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். இரவில் தூக்கம் வராத சிக்கல் இருப்பவர்கள் மட்டும் சில வாரங்களுக்கு அதையும் விட்டுவிடுவது நல்லது.

உடற்பயிற்சி உதவும், எந்த நேரத்திலும் செய்யலாம். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்க ஓட வேண்டாம்.

புழுக்கத்தை என்ன செய்வது?

தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். இரவு முழுக்கச் சேர்த்து ஏறத்தாழ ஒரு டிகிரி. கை கால் வழியாக அந்த வெப்பம் வெளியேறும். வெளிநாட்டுக் கட்டுரைகள் அறை 18 டிகிரியில் இருக்கட்டும் என்று எழுதிவிட்டுப் போய்விடும். மே மாதத்தில் நம் ஊரில் நள்ளிரவிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள் உண்டு. அதோடு காற்றில் ஈரம் கூடுதல், வேர்வை காயாது. மேற்குக் காற்று வலுவாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரவே சாயங்காலம் ஆகிவிடும்.

அதனால் முதலில் எந்த அறையில் படுப்பது என்று பாருங்கள். மேல் மாடி அறைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் கீழே விடும். கோடை இரண்டு மாதம் கீழ்த்தள ஹாலில் பாய் விரித்துப் படுப்பது மாடிக் கட்டிலைவிட நல்லது. மாடிதான் என்றால், தளத்துக்கு வெள்ளை பூசுங்கள். சாயங்காலம் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். ஃபோம் மெத்தை சூட்டைப் பிடித்து வைக்கும். மேலே கோரைப்பாய் விரித்தாலே வித்தியாசம் தெரியும். இலவம்பஞ்சு மெத்தை இருக்கிற வீட்டில் அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

சீலிங் ஃபேன் மட்டும் இருந்தால் மேலே தேங்கிய சூடான காற்றையே கீழே தள்ளும். ஒன்பது மணிக்கு மேல் வெளியே குளிரத் தொடங்கியதும் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலோரம், உள்ளே பார்த்து வையுங்கள். எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்து விடுங்கள். இரண்டுக்கும் கொசு வலை அடித்திருக்க வேண்டும்.

ஏர் கூலர் வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. விருத்தாசலம் பக்கம் காய்ந்த கோடைக் காற்றில் வேலை செய்யும். கடலூர் முதுநகரிலும் வீராம்பட்டினத்திலும் ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்துப் புழுக்கத்தைக் கூட்டும். கடலோர வீட்டுக்கு அது வீண் செலவு.

ஏசி இருப்பவர்கள் செய்வது இன்னொன்று. படுக்கும்போது 20 டிகிரி வைப்பார்கள், கரண்ட் பில்லுக்குப் பயந்து இரண்டு மணிக்கு டைமரில் அணைத்துவிடுவார்கள். கனவுத் தூக்கம் அதிகம் வரும் பின்னிரவில்தான் அறை சூடாகும். கனவுத் தூக்கத்தின்போது உடம்பு தன் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும். மூன்றரைக்கு வேர்த்து முழிப்பு வரும், அப்புறம் தூக்கம் வராது. 26 அல்லது 27 வைத்து, ஃபேனை மெதுவாக ஓட விட்டு, விடியும் வரை அப்படியே விடுங்கள்.

படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம். சூடு எதற்கு என்று தோன்றும். தோலுக்கு ரத்தம் வந்து, குளித்து முடித்ததும் உடம்பு வேகமாகக் குளிரும். சில்லென்ற தண்ணீர் அப்போதைக்குச் சுகம். படுக்கப் போகும் நேரத்தில் அது விழிக்கத்தான் வைக்கும்.

இரவு

சாப்பாடு படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. பத்தரை மணி கொத்து பரோட்டா நெஞ்செரிச்சலாகப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வரும்.

படுக்கும் முன் ஒரு மணி நேரம் பெரிய விளக்குகளை அணைத்து, மஞ்சள் வெளிச்சத்துக்கு மாறுங்கள். உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டில்தான் சுரக்கும், குறிப்பாக நீல வெளிச்சம் அதைத் தடுக்கும். போனைப் பொறுத்தவரை வெளிச்சத்தைவிட உள்ளே ஓடுவதுதான் பெரிய தொல்லை என்பது என் எண்ணம். ரீல்ஸ் முடிவதே இல்லை. போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, நூறு இருநூறு ரூபாய்க்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி வைத்துவிடுங்கள்.

மனதில் ஓடும் கவலைகளுக்கு ஏழு மணிக்கே ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சீட்டுக் கட்ட வேண்டிய தேதி, பிள்ளையின் ஃபீஸ், மேஸ்திரி வராதது எல்லாவற்றையும் எழுதி, பக்கத்தில் நாளைக்கு என்ன செய்வேன் என்று ஒரு வரி. நள்ளிரவில் அதே நினைப்பு வந்தால், எழுதி வைத்தாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் சரக்கு. புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் தூக்க மருந்து என்று பலர் நம்புவது இதைத்தான். சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மை. ஆனால் கனவுத் தூக்கம் குறையும், தொண்டைத் தசை தளர்ந்து குறட்டை கூடும், உடம்பு அதைச் செரித்து முடிக்கும் பின்னிரவில் தூக்கம் துண்டு துண்டாகும். எட்டு மணி நேரம் தூங்கியும் காலையில் அடித்துப் போட்டது போல இருக்கும்.

படுத்தும் தூக்கம் வராவிட்டால்

தூக்கம் சொக்கினால் மட்டும் படுக்கைக்குப் போங்கள். மணி பத்தாகிவிட்டது என்பதற்காகப் போக வேண்டாம். இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதாவது சலிப்பான வேலை: துணி மடிப்பது, பழைய வார இதழ் புரட்டுவது. மறுபடி கண் சொருகும்போது போய்ப் படுங்கள். எத்தனை முறை ஆனாலும் இப்படியே. படுக்கை என்றாலே புரள்வது என்று மூளை பழகிப்போனதை இது மெதுவாக மாற்றும். 1972இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் முன்வைத்த முறை இது. இன்றும் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டு வாரம் இதைச் செய்தும் சரியாகவில்லை என்றால் நோட்டை எடுங்கள். சராசரியாக ஆறு மணி நேரம் தூங்குகிறீர்கள், ஐந்தரைக்கு எழ வேண்டும் என்றால், பதினொன்றரைக்கு முன்பு படுக்காதீர்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 முதல் 90 சதவீதம் தூக்கமாக மாறியதும், படுக்கும் நேரத்தை வாரத்துக்கு 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள். தூக்கம் வராதவரைத் தாமதமாகப் படுக்கச் சொல்வது விபரீதமாகத் தெரியும். ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு நன்றாக வேலை செய்யும் முறைகளில் இது ஒன்று. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே ஒருபோதும் குறைக்காதீர்கள். வண்டி ஓட்டுவதே தொழிலாக உள்ளவர்கள், வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

நைட் ஷிப்ட், கடல் தொழில்

சிப்காட், நெய்வேலி சுரங்கம், சேதராப்பட்டு தொழிற்பேட்டை என்று இந்த வட்டாரத்தில் ஷிப்ட் பார்க்காத தெரு குறைவு. அவர்களிடம் தினமும் ஐந்தரைக்கு எழுந்திரு என்று சொல்ல முடியாது.

முதல் நைட் ஷிப்டுக்கு முந்தைய மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். காபி ஷிப்டின் முற்பாதியில் மட்டும். காலையில் வெளியே வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெளிச்சம் கண்ணில் பட்டால் உடல் கடிகாரம் விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். டீக்கடையில் அரை மணி நேரம் வெயிலில் நிற்பதும் அதனால்தான் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் லேசாக இரண்டு இட்லி, உடனே படுக்கை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அல்லது தடித்த போர்வை. காலிங் பெல், குக்கர் விசில், பழைய இரும்பு வாங்கும் ஆட்டோவின் ஒலிபெருக்கி மூன்றும் இருக்கும் தெருவில் காதுக்கு அடைப்பான் இல்லாமல் பகல் தூக்கம் நடக்காது. வீட்டில் இருப்பவர்கள் ஒத்துழைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்பி கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்க மாட்டோம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவருக்குக் காலை பத்து மணிதான் அந்த இரண்டு மணி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் கொசு வலை கட்ட வேண்டும்.

வீடு திரும்பும் பயணம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மங்குகிறது என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். முந்தைய நாள் காலை ஏழு மணிக்கு எழுந்து, பகலில் தூங்காமல், அடுத்த நாள் ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்தவர் 23 மணி நேரம் விழித்திருக்கிறார். கம்பெனி பஸ் இருந்தால் பைக்கை வீட்டிலேயே விடுங்கள். இல்லாவிட்டால் புறப்படும் முன் ஒரு காபி குடித்துவிட்டு, அங்கேயே இருபது நிமிடம் கண் மூடுங்கள்; கஃபீன் வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்திருப்பீர்கள்.

விடியற்காலை இரண்டு மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்கு எட்டு மணிக்குப் படுப்பதுதான் வழி. வீட்டில் டிவியும் அந்த நேரத்தில் நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். திரும்பி வந்த பிறகு மதியம் ஒன்றரை மணி நேரத் தூக்கம் இவர்களுக்குச் சோம்பல் கணக்கில் வராது, பாக்கியைத் தீர்ப்பது. விசைப்படகுகளில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்குள் உடம்பு ஊரோடு சேர்ந்து பதினொரு மணித் தூக்கத்துக்குப் பழகிவிடும். ஜூன் முதல் வாரத்திலிருந்தே படுப்பதையும் எழுவதையும் நாளுக்கு அரை மணி நேரம் முன்னால் நகர்த்திக்கொண்டு வந்தால், தடை முடிந்து போகும் முதல் நாள் தூக்கக் கலக்கத்தோடு வலை இழுக்க வேண்டியிருக்காது.

எப்போது மருத்துவரிடம்?

வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இதற்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, மேலே சொன்ன முறைகளையும் மனப்பயிற்சியையும் சேர்த்த நடத்தைச் சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. மெடிக்கல் ஷாப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். பழகிப்போகும், வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போடுபவர்கள் திடீரென நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி இழுப்பது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் இருந்தால் காத்திருக்காதீர்கள். இது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். மாத்திரைக்குக் கட்டுப்படாத ரத்த அழுத்தத்துக்குப் பின்னாலும் இது ஒளிந்திருக்கும். குண்டானவர்களுக்கு மட்டும்தான் வரும் என்றில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். காது மூக்கு தொண்டை அல்லது நுரையீரல் மருத்துவரைப் பார்த்தால் ஓர் இரவு முழுக்கத் தூக்கத்தைப் பதிவு செய்யும் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தேவையென்றால் காற்றழுத்தம் தரும் சி-பேப் கருவி.

சாயங்காலம் ஆனால் கால் குறுகுறுவென்று அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச் சத்து அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் என்றால் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நான்கு மணிக்கே முழிப்பு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, எங்கே போனாலும் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். அந்த நோட்டை எடுத்துப் போங்கள். வீட்டில் யாரையாவது இரவில் உங்கள் குறட்டையை இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை இரவில் போடுபவராக இருந்தால், அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.